இரண்டு அண்டி ஆபீஸ்களை ஒன்றாக்குவது எந்த வழியில்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கலுக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கு ஒரு முந்திரி ஆலை இருக்கிறது. ஊரில் யாரும் அதை ஆலை என்று சொல்வதில்லை, அண்டி ஆபீஸ்தான். அப்பா, சித்தப்பா, நான் என மூன்று கூட்டாளிகள். வேலை செய்பவர்கள் 16 பேர், அவர்களில் 14 பேர் பெண்கள். ஆண்டுக்குச் சுமார் 3 கோடி ரூபாய் விற்பனை. குலசேகரம் பக்கத்தில் அத்தானுக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, இன்னொரு அண்டி ஆபீஸ் இருக்கிறது. அது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 41 பேர், உடைக்கும் இயந்திரங்கள், 8 கோடி விற்பனை.

போன கிறிஸ்துமஸுக்கு விருந்து முடிந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது அத்தான் பேச்சை எடுத்தார். "மாமா, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் என்ன?"

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உள்ளூர்த் தோட்டண்டி, அதாவது தோடு உடைக்காத கொட்டை, எங்கள் இரண்டு பேருக்குமே ஆண்டு முழுக்கப் போதாது. மீதியெல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அத்தான் தூத்துக்குடி துறைமுகத்தில் கண்டெய்னராக இறக்குகிறார். எங்களால் அவ்வளவு முதல் போட முடியாது, இடைத்தரகரிடம் லாரிக் கணக்கில் வாங்குகிறோம். ஒவ்வொரு மூட்டையிலும் எங்கள் லாபத்தில் ஒரு துண்டு அந்த இடத்திலேயே போய்விடுகிறது. அத்தானுக்கோ ஆர்டர் நெருக்கும் மாதங்களில் தோலுரிக்கவும் தரம் பிரிக்கவும் கை பழகிய ஆள் கிடைப்பதில்லை. எங்களிடம் ஆள் இருக்கிறது, முதல் இல்லை; அவரிடம் முதல் இருக்கிறது, ஆள் இல்லை.

அப்பா உடனே சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "சேர்ப்பது என்றால் எப்படி மருமகனே?" என்று மட்டும் கேட்டார். அந்த 'எப்படி'க்குப் பதில் தேடி நான்கு மாதம் ஆடிட்டர், வழக்கறிஞர், வங்கி, பத்திர எழுத்தர் என்று நானும் அத்தானும் அலைந்தோம். எங்களைப் போன்ற நிலையில் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். மீன்வலைக் கம்பெனி, செங்கல் சூளை, ரப்பர் ஷீட் வியாபாரம், வாழைக்காய் சிப்ஸ் என்று எதுவாக இருந்தாலும் கேள்விகள் இவைதாம்.

முதல் செய்தியே ஏமாற்றம். 'இணைப்பு' என்று சட்டம் சொல்லும் காரியம் கம்பெனிகளுக்கு உரியது. எங்கள் கூட்டாண்மை 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. இரண்டு நிறுவனங்களைக் கரைத்து ஒன்றாக்க அதில் தனி வழி கிடையாது. கூட்டாளியைச் சேர்க்கலாம், விலக்கலாம், நிறுவனத்தைக் கலைக்கலாம், சொத்தை விற்கலாம். அவ்வளவுதான். ஆகவே உண்மையான இணைப்பு வேண்டுமென்றால் முதலில் எங்கள் ஆலை கம்பெனியாக மாற வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 366-ஆம் பிரிவு அதற்கு வழி விடுகிறது.

மாறிய பிறகு என்ன? பெரிய கம்பெனிகள் சென்னையிலுள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாய அமர்வில் மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். சிறு கம்பெனிகளுக்கு 233-ஆம் பிரிவில் ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது. தீர்ப்பாயம் வேண்டியதில்லை, மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறை மண்டல இயக்குநரின் ஒப்புதல் போதும். 2023 ஜூனுக்குப் பிறகு அவர் 60 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். காகிதத்தில் பார்த்தால் அழகான ஏற்பாடு. அத்தான் இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் உற்சாகமாக இருந்தார்.

பிறகு நிபந்தனையைப் படித்தோம். மொத்தப் பங்குகளில் 90 சதவீதத்தை வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் 90 சதவீதம் அல்ல, மொத்தத்தில். கடன் கொடுத்தவர்களிலும் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு சம்மதம் வேண்டும். அத்தானின் கம்பெனியில் 12 சதவீதப் பங்கு அவருடைய பெரியப்பா மகனிடம் இருக்கிறது. அவர் வளைகுடாவில் இருக்கிறார்; எட்டு ஆண்டுகளாக எந்தக் கடிதத்துக்கும் பதில் போட்டதில்லை. அவர் எதிர்க்க வேண்டியதே இல்லை, பதில் போடாமல் இருந்தாலே போதும், 90 எட்டாது. ஆடிட்டர் இதை விளக்கியபோது சித்தப்பா, "அப்படியானால் பேசாமல் இருப்பவனும் எதிர்க்கட்சியா?" என்று கேட்டார். இந்தப் பிரிவில் அப்படித்தான்.

இதைவிடப் பெரிய பொறி வரியில் இருந்தது. கூட்டாண்மை கம்பெனியாக மாறும்போது மூலதன ஆதாய வரி இல்லாமல் மாறலாம். ஆனால் பழைய கூட்டாளிகளிடம் ஐந்து ஆண்டுகளுக்கு வாக்குரிமையில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இன்று மாறி அடுத்த ஆண்டே அத்தானின் கம்பெனியில் கரைந்துவிட்டால் அந்தச் சலுகை கேள்விக்குள்ளாகும். 'முதலில் கம்பெனியாக மாறுங்கள், பிறகு இணையுங்கள்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்து ஆண்டு கிடப்பதை நாங்கள் கேட்ட மூன்று பேரில் ஒருவர்தான் சொன்னார். பிரிவு எண்ணை இங்கே எழுதவில்லை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து எண்களெல்லாம் மாறியிருக்கின்றன, ஆடிட்டர்களே இன்னும் பழைய எண்ணைச் சொல்லி நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள்.

ஏற்கெனவே இரண்டும் கம்பெனியாக இருந்து, பங்குகள் எல்லாம் எட்டும் தூரத்திலுள்ள கைகளில் இருந்தால், எனக்குத் தெரிந்தவரை இந்தக் குறுக்குப் பாதைதான் சிறந்தது. எங்களுக்கு அது பொருந்தவில்லை.

எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையைச் சிலர் சொன்னார்கள். எங்கள் நிறுவனம் அப்படி மாறுவது எளிது. அத்தானின் கம்பெனி மாறுவதுதான் கடினம்: முந்தைய மூன்று ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் விற்பனை 60 லட்சத்தைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது வரி விலக்குக்கான நிபந்தனைகளில் ஒன்று. 8 கோடிக்காரருக்கு அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. அத்தான் எங்கள் கூட்டாண்மையில் நேரடியாகக் கூட்டாளியாகச் சேர்வதையும் யோசித்தோம். அதில் ஒவ்வொரு கூட்டாளியும் நிறுவனத்தின் முழுக் கடனுக்கும் தன் வீடு வாசல் வரை பொறுப்பு. அக்கா ஒரே சொல்லில் வேண்டாம் என்றாள். அவள் சொன்னதே சரி.

மிஞ்சியது இரண்டு வழிகள். ஒன்று, எங்கள் தொழிலை ஓடுகிற நிலையிலேயே மொத்தமாக அத்தானின் கம்பெனி வாங்குவது. இன்னொன்று, எதையும் மாற்றாமல் அவர் தோட்டண்டி கொடுக்க, நாங்கள் கூலிக்கு உடைத்துக் கொடுப்பது.

மொத்தமாக வாங்கும் வழியில் சாதகம் நிறைய. தொழிலை ஓடுகிற நிலையில் அப்படியே மாற்றினால் அந்த மாற்றத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. எங்கள் கணக்கில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியில் பின்னால் கழித்துக்கொள்ளக்கூடிய தொகையை, ஐடிசி 02 படிவத்தில், ஆடிட்டர் சான்றோடு, அத்தானின் பதிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். விவசாயியிடம் தோட்டண்டி வாங்கும்போது வாங்குபவரே வரி கட்டும் முறை இருப்பதால் எங்களைப் போன்ற ஆலைகளில் இந்த வரவு கணிசமாகச் சேர்ந்திருக்கும். அதை விட்டுவிடக் கூடாது. 33-இல் தொடங்கும் தமிழ்நாட்டுப் பதிவிலிருந்து அதேபோன்ற பதிவுக்கு மாற்றுவதில் சிக்கல் இல்லை. அத்தானுக்குப் பாறசாலையில் ஒரு கிடங்கும் 32-இல் தொடங்கும் கேரளப் பதிவும் உண்டு. வரவை அங்கே மாற்ற நினைத்தால் தகராறு.

ஆனால் பழைய வரிப் பாக்கி ஏதேனும் பின்னால் கிளம்பினால் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்கிறது. வருங்கால வைப்பு நிதிப் பாக்கிக்கும் அதே கதிதான். 'பழைய பாக்கிக்கு நான் பொறுப்பல்ல' என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அது எங்களுக்குள் செல்லும், அதிகாரியிடம் செல்லாது. வருமான வரியைப் பொறுத்தவரை பல ஆண்டுகளாக நடந்த தொழில் என்பதால் நீண்டகால ஆதாயமாக 12.5 சதவீதம். பணத்துக்குப் பதில் அத்தானின் கம்பெனிப் பங்குகளை வாங்கிக்கொண்டால் வரி வராது என்று ஒருவர் யோசனை சொன்னார். 2021-க்குப் பிறகு அந்தக் கதவும் மூடியாயிற்று.

நிலத்துக்கு வருகிறேன். இங்கேதான் மூன்று வாரம் போனது.

ஆலை நிற்கும் 38 சென்ட் நிலம் ஆலையின் பெயரில் இல்லை. அப்பா, சித்தப்பா பெயரில் இருக்கிறது. வங்கியில் அடமானமாகவும் இருக்கிறது. நம் மாவட்டத்துச் சிறு தொழில்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அத்தானின் வழக்கறிஞர் மூலப் பத்திரம் கேட்டார். அப்பா பீரோவிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். உள்ளே நான்காக மடித்த பழுப்புத் தாள். மேலே திருவிதாங்கூரின் சங்கு முத்திரை, எழுத்தெல்லாம் மலையாளம், தேதி கொல்லம் ஆண்டு 1121. அதாவது 1945 ஆகஸ்டுக்கும் 1946 ஆகஸ்டுக்கும் இடையில் எங்கோ. மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு வரி போய்விட்டிருந்தது.

இந்த மாவட்டமே 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. அந்த இணைப்பின் மிச்சம் எழுபது ஆண்டு கழித்தும் எங்கள் பீரோவில் துணிப்பைக்குள் இருக்கிறது. அதைப் படிக்க வீட்டில் ஆள் இல்லை. தக்கலையில் ஒரு முதிய பத்திர எழுத்தரிடம் கொண்டுபோனோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கு அருகே பிடித்து, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். நடுவே நிறுத்தி, "தாத்தாவுக்குத் தங்கை உண்டா?" என்று கேட்டார். உண்டு, கல்யாணமாகி நெய்யாற்றின்கரைக்குப் போனவர். நிலம் அவர் பெயருக்கும் சேர்த்தே வாங்கப்பட்டிருக்கிறது. அவரோ அவர் பிள்ளைகளோ தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததற்கு எங்களிடம் தாள் இல்லை. இணையத்தில் எடுத்த வில்லங்கச் சான்றிதழில் இது வரவே வராது, அது அவ்வளவு பின்னால் போவதில்லை.

அப்பாவின் முகம் இருண்டது. எனக்கு மட்டும் உள்ளூர நிம்மதி. ஏனென்றால் நிலத்தையும் சேர்த்து விற்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் கட்ட வேண்டும். வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் என்றால் 5.4 லட்சம் ரூபாய், ஒரு மூட்டை தோட்டண்டி வாங்குவதற்கு முன்பே காலி. கம்பெனி இணைப்பு என்றால் முத்திரைத் தீர்வை இல்லை என்றும் பலர் நினைக்கிறார்கள். இணைப்பு உத்தரவே சொத்தை மாற்றும் ஆவணம்தான், தீர்வை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. ஆகவே நிலம் அப்பா, சித்தப்பா பெயரிலேயே இருக்கட்டும், கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாம் என்று நான் சொன்னேன். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும். செலவு விற்பனைப் பத்திரத்தைவிட மிகக் குறைவு. வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை, உரிமையாளர் பதிவு பெறாதவராக இருந்தால், 2024 அக்டோபர் முதல் குத்தகைக்காரரே கட்ட வேண்டும். அத்தான் அதை வரவாக எடுத்துக்கொள்வார். அத்தைப் பாட்டியின் பேரப்பிள்ளைகளோடு பேசி விடுதலைப் பத்திரம் வாங்குவதை ஆற அமரச் செய்யலாம். மலையோரப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தோடு ஆலை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கிய நிலமென்றால் விற்க மட்டுமல்ல, குத்தகைக்கு விடவும் முன் அனுமதி வேண்டும்.

அடுத்த சண்டை சரக்கில். தொழிலை வாங்கும் நாளில் கிடங்கில் இருக்கும் 250 மூட்டை தோட்டண்டிக்கு என்ன விலை? முந்திரித் தொழிலில் 80 கிலோ மூட்டைக்கு எத்தனை ராத்தல் (பவுண்டு) பருப்பு கிடைக்கும் என்பதுதான் கணக்கு. அப்பா 48 என்றார். அத்தானின் மேற்பார்வையாளர் சாக்கை விரித்து, கலந்து, ஒரு கிலோ எடுத்து, ஒவ்வொரு கொட்டையாக வெட்டினார். நல்ல பருப்பு ஒரு பக்கம், சுருங்கியது ஒரு பக்கம், பூச்சி விழுந்தது ஒரு பக்கம். தராசில் வைத்துப் பார்த்துவிட்டு 45.5 என்றார். மூட்டைக்கு இரண்டரை ராத்தல் வித்தியாசம். 250 மூட்டைக்கு ஏறக்குறைய 280 கிலோ பருப்பு. அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். மருமகனின் ஆள் தன் சரக்கைக் குறை சொன்னதைப் பணக் கணக்காக மட்டும் பார்க்க அவரால் முடியவில்லை. கட்டிங் எனப்படும் இந்த வெட்டிப் பார்க்கும் சோதனையை வெளியாள் ஒருவர் செய்ய வேண்டும், அவர் சொல்வது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். உறவுக்காரர்களுக்குள் இது இரட்டிப்பு அவசியம்.

வங்கி பற்றிச் சுருக்கமாக. எங்கள் சரக்கும் இயந்திரமும் வங்கியிடம் ஈடாக இருக்கின்றன. வங்கியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒப்பந்த மீறல். அதைவிட முக்கியம், அப்பா கொடுத்த தனிப்பட்ட உத்தரவாதம் தொழில் கைமாறியதும் தானாகக் கழன்றுவிடாது. விடுவித்தோம் என்று வங்கி எழுதிக் கொடுக்கும்வரை, தன்னிடம் இல்லாத தொழிலின் கடனுக்கு அவர் பொறுப்பாளி. உத்யம் எனப்படும் மத்திய அரசின் சிறு தொழில் பதிவில் நாங்கள் இருவரும் இப்போது குறு நிறுவனங்கள். 2025 ஏப்ரல் முதல் குறு நிறுவனத்தின் விற்பனை வரம்பு 10 கோடி. சேர்ந்தால் 11 கோடி, ஆகவே சிறு நிறுவனமாகிவிடுவோம். 45 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்ற பாதுகாப்பு சிறு நிறுவனத்துக்கும் உண்டு என்பதால் இதைப் பெரிய இழப்பாக நான் கருதவில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமம் முதலானவை எங்கள் பெயரிலிருந்து தானாகத் தாவாது. கம்பெனி புதிதாக எடுக்க வேண்டும்.

வேலை செய்கிறவர்கள் விஷயம் வேறு மாதிரி. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனால் அடிப்படை பழையதுதான். வேலை அறுபடாமல், சம்பளமும் நிபந்தனைகளும் குறையாமல், பழைய பணிக்காலத்தைப் புதிய முதலாளி ஏற்றுக்கொண்டால் இழப்பீடு தர வேண்டியதில்லை. ஏற்காவிட்டால் தர வேண்டும். எங்களிடம் 16 பேர் மட்டும் இருப்பதால் வருங்கால வைப்பு நிதி இதுவரை கட்டாயமில்லை, அதற்கு வரம்பு 20. அத்தானின் கம்பெனிக்குள் வந்த நாளே எல்லோருக்கும் கட்ட வேண்டும். மாதம் 12,000 ரூபாய் சம்பளமென்றால் முதலாளி பங்கு மட்டும் 16 பேருக்கு மாதம் 23,000 ரூபாய். தொழிலாளியின் பங்காக ஆளுக்கு 1,440 ரூபாய் பிடித்தமாகும். நல்லதுதானே என்று நான் நினைத்தேன். தோலுரிக்கும் இடத்தில் இதைச் சொன்னபோது ஒருவரும் நிமிரவில்லை. கடைசியில் ஒரு அக்கா, "கையில் வருவது குறையும், அப்படித்தானே தம்பி?" என்றார்.

இனி, கூலிக்கு உடைத்துக் கொடுக்கும் வழி. தோட்டண்டி அத்தானுடையது, பருப்பும் அவருடையது, எங்களுக்குக் கூலி. அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி. சரக்கு டெலிவரி சலானில் வரும். ஓராண்டுக்குள் பருப்பாகத் திரும்பிப் போக வேண்டும். நிலம், வங்கி, பணிக்காலம், உரிமம் எதையும் தொட வேண்டியதில்லை. நாளை பிடிக்கவில்லையென்றால் ஒரு கடிதத்தில் முடித்துக்கொள்ளலாம். கம்பெனிக்குள் போய்ச் சிறுபான்மைப் பங்குதாரராக உட்கார்ந்தபின் மனக்கசப்பு வந்தால், முறையிட வேண்டிய தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது. கூலிக் கணக்கில் தகராறென்றால் நாகர்கோவில் நீதிமன்றத்திலேயே முடியும்.

குறையும் உண்டு. தோட்டண்டியின் விலை இறங்கும்போது வரும் லாபத்தில் எங்களுக்குப் பங்கில்லை. எங்கள் அடையாளத்தில் திருவனந்தபுரம் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கும் பாக்கெட்டுகள் நின்றுவிடும். இரண்டு மூன்று ஆண்டு கூலிக்கே உடைத்துக்கொண்டிருந்தால் வியாபாரம் மறந்து வெறும் கை வேலைக்காரர்களாகிவிடுவோம் என்று சித்தப்பா பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே இதைக் கால வரையில்லாமல் நடத்துவதற்கு நான் எதிரி. ஆனால் ராத்தல் கணக்கில் ஒரு முறை வெட்டிப் பார்த்ததற்கே எழுந்து போன அப்பாவும், எதையும் எழுதிக் கேட்கும் அத்தானும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எப்படி இருப்பார்கள் என்பதை இதைவிட மலிவாகத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அதனால் இந்தப் பருவம் முழுக்கக் கூலிக்கு. பாதிக் கிடங்கு எங்கள் சொந்த வியாபாரத்துக்கு. எத்தனை ராத்தலுக்குக் குறைந்தால் யார் நஷ்டம் ஏற்பது, முழுப் பருப்பு எத்தனை சதவீதம் வர வேண்டும் என்பதையெல்லாம் எழுதிவிட்டோம். 2027 ஏப்ரல் 1-க்குள் இரு தரப்பும் விரும்பினால் கம்பெனி எங்கள் தொழிலை மொத்தமாக வாங்கும், நிலம் நீங்கலாக. விலையைக் கணக்கிடும் முறையை இப்போதே, இன்னும் சிரித்துப் பேசும் நிலையில் இருக்கும்போதே, எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. யார் காசோலையில் கையெழுத்திடுவது என்பதுதான் பாக்கி. அப்பாவும் அத்தானும் சேர்ந்து என்று நான் எழுதியிருக்கிறேன். இருவருமே இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒப்பந்தத்தோடு சேர்க்க வேண்டிய இணைப்பு ஒன்று இருந்தது, ஒவ்வொருவரும் வேலைக்குச் சேர்ந்த தேதி. பழைய வருகைப் பதிவேட்டைக் கறையான் தின்றிருந்தது. கையில் குறையுமே என்று கேட்ட அந்த அக்காவை அழைத்து, எப்போது சேர்ந்தீர்கள் என்று அப்பா கேட்டார். 21 ஆண்டுப் பணிக்கொடை என்பது அந்தச் சம்பளத்துக்கு ஏறத்தாழ 1.45 லட்சம் ரூபாய். தேதி தவறினால் அவருக்குத்தான் நஷ்டம். அவர் யோசிக்கவே இல்லை. "சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய திங்கட்கிழமை முதலாளி. அந்த வாரக் கூலியை வாங்கிக்கொண்டுதான் குளச்சலுக்கு அம்மாவைத் தேடிப் போனேன்" என்றார். அப்பா என் கைப்பேசியில் நாட்காட்டியைப் பார்க்கச் சொன்னார். பிறகு 20.12.2004 என்று தன் கையால் எழுதி, பக்கத்துக் கட்டத்தில் கையெழுத்திடுமாறு தாளை அத்தான் பக்கம் நகர்த்தினார்.